காவுத்ஸ்கியின் ‘அதிகாரத்துக்கான பாதை’: இதை எழுதியவர்தானா பிறகு ‘ஓடுகாலி’ ஆனார்?

இரவுவாசகன்:

ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் (அன்றைய சோசலிஸ்டுக் கட்சி) முக்கியக் கோட்பாட்டாளரான காவுத்ஸ்கி என்றாலே 1918இல் லெனின் கொடுத்த ‘ஓடுகாலி’ என்ற பட்டம்தான் எனக்கு நினைவுக்கு வரும். நம்மில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் அவர் எழுதியதைப் படிப்பதற்கு முன்பே அவரைத் திட்டி எழுதியதைப் படித்துவிடுகிறோம். இப்போதுதான் 1909இல் வந்த ‘அதிகாரத்துக்கான பாதை’யைப் படித்து முடித்தேன். சின்னப் புத்தகம்தான், ஆனால் நான் மனதில் வைத்திருந்த ஆள் இதில் இல்லவே இல்லை. முதலாளித்துவம் மெல்ல மெல்லத் தானாகவே சோசலிசமாகிவிடும் என்ற பேச்சை அடித்து நொறுக்குகிறார், முதலாளித்துவக் கட்சிகளோடு கூட்டணி வேண்டாம் என்கிறார், உலகப் போர் நெருங்கிவிட்டது, அது வந்தால் கூடவே புரட்சியும் வரும் என்கிறார். இனிமேல் ‘காலத்துக்கு முந்திய புரட்சி’ என்ற பேச்சுக்கே இடமில்லை என்றுகூட எழுதியிருக்கிறார். ஐந்தே வருடத்தில் போர் வந்துவிட்டது.

இவ்வளவு தெளிவாகப் பார்த்தவர், 1914இல் அவருடைய கட்சியே போரை ஆதரித்தபோது ஏன் அப்படித் தடுமாறினார்? அந்தத் தடுமாற்றம் புத்தகத்துக்குள்ளேயே இருந்ததா, இல்லை ஆள்தான் மாறிப்போனாரா? அப்புறம், புரட்சிக்கு வாய்ப்பு உண்டா என்று யோசிப்பவர்களுக்கு இதில் இன்னும் ஏதாவது இருக்கிறதா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

பழையஏடு:

புத்தகம் வந்த சூழலைத் தெரிந்துகொண்டால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். இதைத் தடுக்கப் பார்த்தது ஜெர்மன் அரசு என்று நினைப்போம், ஆனால் முதலில் கைவைத்தது அவருடைய சொந்தக் கட்சியின் தலைமைதான். முதல் பதிப்பு வேகமாக விற்றுத் தீர்ந்தது, உடனே தலைமை மறுபதிப்புக்கு அனுமதி தர மறுத்தது. இதை வைத்துத் தேசத்துரோக வழக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. ராணுவவாதத்துக்கு எதிராக ஒரு நூல் எழுதியதற்காக 1907இல் அதே கட்சியின் இடதுசாரியான கார்ல் லீப்க்னெக்ட்டுக்கு அதே குற்றத்தின் பேரில் 18 மாதக் கோட்டைச் சிறை கிடைத்திருந்தது. 1878 முதல் 1890 வரை சோசலிஸ்டுகளுக்கு எதிரான தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த தலைமுறை அது. காவுத்ஸ்கி கொதித்துப்போனார், கட்சியின் பெண்கள் இயக்கத் தலைவரான கிளாரா ஜெட்கின் அவர் பக்கம் நின்றார், கடைசியில் சில வாசகங்களை மென்மையாக்கிய பிறகுதான் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது.

இதில் இன்னொரு தரப்பும் உண்டு, தொழிற்சங்கத் தலைவர்கள். உணவுப் பொருள் விலை ஏறுகிறது, முதலாளிகள் தங்களுக்குள் சங்கம் அமைத்துக்கொண்டு பலமாகிவிட்டார்கள், அதனால் கூலி உயர்வால் வருகிற நன்மை கையில் தங்குவதில்லை என்று அவர் விளக்கும் பகுதியைக் கவனித்திருப்பீர்கள். சங்கங்களின் வேலை, கிரேக்கக் கதையில் வரும் சிசிபஸ் திரும்பத் திரும்பக் கீழே உருளும் பாறையை மலைமேல் உருட்டுவது போன்றது என்ற பொருளில் எழுதியது அவர்களை ரொம்பவே சுட்டுவிட்டது. பதிலுக்குச் சங்கங்களின் தலைமைக் குழு 1910இல் தனியாக ஒரு பிரசுரமே போட்டது. ஆக 1909இல் அவர் யாரிடம் திட்டு வாங்கினார் என்று பாருங்கள்: கட்சி நிர்வாகிகளிடமும் சங்க நிர்வாகிகளிடமும். 1914இல் முடிவெடுத்தவர்களும் இதே ஆட்கள்தான்.

சிவப்புமை:

பின்னணி எல்லாம் சரி. ஆனால் பழியை முழுக்க நிர்வாகிகள் தலையில் போட்டுவிட்டு ஆசிரியரைத் தப்பவிட எனக்கு மனமில்லை. நோய் புத்தகத்திலேயே இருக்கிறது என்பதுதான் என் வாசிப்பு.

‘நாம் புரட்சிகரக் கட்சி, ஆனால் புரட்சிகளை உண்டாக்கும் கட்சி அல்ல’ என்ற அவருடைய புகழ்பெற்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1893லேயே எழுதியது, இந்தப் புத்தகத்தில் மறுபடி எடுத்துப் போடுகிறார். நினைத்த நேரத்தில் புரட்சியை வரவழைக்க முடியாது என்ற அளவில் அது உண்மைதான், யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அது வந்து வாசலில் நிற்கும்போது கட்சி என்ன செய்ய வேண்டும்? இருக்கிற அரசு இயந்திரத்தை, அந்த அதிகாரவர்க்கத்தை, ராணுவத்தை என்ன செய்வது? அங்கே புத்தகம் வாயை மூடிக்கொள்கிறது. கட்சி வளர வேண்டும், கறைபடாமல் இருக்க வேண்டும், அசையாமல் நிற்க வேண்டும், எதிரிகள் தாங்களாகவே நம்பிக்கை இழந்து சரிவார்கள், இவ்வளவுதான். லெனின் ‘அரசும் புரட்சியும்’ நூலில் பிடித்ததும் இதைத்தான். சந்தர்ப்பவாதிகளுக்கு எதிராகக் காவுத்ஸ்கி எழுதியதில் இதுவே கடைசியானதும் சிறந்ததும் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அரசு பற்றிய கேள்வியை மட்டும் முழுவதுமாகத் தவிர்த்துவிட்டார் என்கிறார். பாராட்டும் குற்றச்சாட்டும் அடுத்தடுத்து வருகின்றன, இரண்டுமே நியாயம் என்றுதான் நான் சொல்வேன்.

எதிர்பார்ப்பது ஒரு வேலை, தயாராவது இன்னொரு வேலை. காலத்தோடு சேர்ந்து நாமும் வளர்ந்துகொண்டே போவோம் என்று நம்பிய கட்சிக்கு 1907 தேர்தலிலேயே ஒரு அடி விழுந்தது, வாக்கு கூடியும் இடங்கள் 81இலிருந்து 43ஆகக் குறைந்தன. 1912இல் 110 இடம் பிடித்து ரைஷ்டாக்கிலேயே, அதாவது ஜெர்மன் நாடாளுமன்றத்திலேயே, பெரிய கட்சியானதும் அந்த அடி மறந்தே போனது. இரண்டு வருடம் கழித்து, 1914 ஆகஸ்ட் 4 அன்று, அந்த 110 இடங்களின் கட்சி ஒரே அணியாக, அரசு போருக்காக வாங்கும் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. முந்தின நாள் கட்சியின் உள்கூட்டத்தில் காவுத்ஸ்கியும் இருந்தார். அரசிடம் நிபந்தனை வைக்கலாம் என்று ஏதோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. போர் வந்தால் புரட்சி வரும் என்று எழுதிய கைக்கு அன்று சொல்ல இருந்தது அவ்வளவுதானா என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இரவுவாசகன்:

இரண்டு பேருக்கும் நன்றி. அரசு பற்றிய மௌனம் நான் படிக்கும்போது கண்ணில் படவே இல்லை, திரும்பப் புரட்டிப் பார்த்தேன், நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் புரட்சிக்கு நான்கு நிபந்தனைகள் என்று அவர் வரிசைப்படுத்தும் இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? என்னை அதிகம் யோசிக்க வைத்ததே அந்தப் பக்கம்தான்.

கரையோரம்:

அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். ஒன்று, பெருந்திரளான மக்கள் ஆட்சிக்கு எதிராகத் திரும்பியிருக்க வேண்டும். இரண்டு, அந்த ஆட்சியோடு எந்தச் சமரசமும் செய்யாத பெரிய, அமைப்பாகத் திரண்ட கட்சி ஒன்று எதிரே இருக்க வேண்டும். மூன்று, அந்தக் கட்சி பெரும்பான்மையின் நலனுக்காக நிற்பதோடு அவர்களுடைய நம்பிக்கையையும் பெற்றிருக்க வேண்டும். நான்கு, ஆட்சியின் பலத்திலும் நிலைப்பிலும் அதன் சொந்தக் கருவிகளான அதிகாரிகளும் ராணுவமுமே நம்பிக்கை இழந்திருக்க வேண்டும்.

இப்போது இதை 1918 ஜெர்மனிமேல் வைத்துப் பாருங்கள். அக்டோபர் கடைசியில், போர் தோற்றுப்போன நேரத்தில், கடற்படைத் தலைமை கப்பல்களைக் கடைசிச் சண்டைக்கு அனுப்பப் பார்க்கிறது. மாலுமிகள் மறுக்கிறார்கள். நவம்பர் முதல் வாரத்தில் கீல் நகரம் அவர்கள் கையில், 9ஆம் தேதி பெர்லினில் மன்னராட்சி இல்லை. மக்களின் வெறுப்பு முழுசாக இருந்தது. நான்காவது நிபந்தனை, யாராலும் திட்டமிட்டு வரவழைக்க முடியாத அந்த நிபந்தனை, அச்சு அசலாக அப்படியே நிறைவேறியது. அன்று இல்லாமல் போனது இரண்டாவதுதான். சமரசம் செய்யாத அந்தப் பெரிய கட்சி 1914இல் சமரசம் செய்து, 1917இல் இரண்டாக உடைந்திருந்தது. ஆட்சி கைக்கு வந்த மறுநாளே அதன் பெரும்பான்மைப் பிரிவின் தலைவர் ஏபெர்ட் ராணுவத் தலைமையோடு உடன்பாடு செய்துகொண்டார்.

அதனால் சிவப்புமை சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். அரசு பற்றி அவர் பேசாமல் விட்டது பெரிய ஓட்டைதான். ஆனால் 1918 ஏன் தோற்றது என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது, ஒன்பது வருடம் முன்கூட்டியே எழுதிவைத்த பதில். லெனின் 1915இல் புரட்சிகரச் சூழலின் அடையாளங்களைச் சொல்லும்போது மேலே இருப்பவர்கள் பழைய மாதிரி ஆள முடியாத நிலை என்று ஆரம்பிப்பாரே, இந்த நான்காவது நிபந்தனைக்குப் பக்கத்திலேயே அதையும் வைத்துப் படியுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான், இந்த ஒரு பக்கத்துக்காகவே புத்தகத்தைப் படிக்கலாம். எங்காவது பெரிய கூட்டம் தெருவில் இறங்கினாலே ‘புரட்சி வந்துவிட்டது’ என்று துள்ளுகிறோம், அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இரண்டாவதும் மூன்றாவதும் இருக்கின்றனவா என்று பார்ப்பதில்லை.

பழையஏடு:

கரையோரம் சொன்னதை ஏற்கிறேன். ஆள் எப்போது மாறினார் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறதே, அதற்கு 1914 வரை போக வேண்டியதில்லை, 1910ஐப் பாருங்கள் என்பேன். பிரஷ்யாவில் வரி கட்டும் அளவை வைத்து வாக்காளர்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கும் தேர்தல் முறை இருந்தது, அதற்கு எதிராக அந்த வசந்தத்தில் பெரிய ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. வெகுஜன வேலைநிறுத்தத்துக்குப் போக வேண்டும், குடியரசுக் கோரிக்கையை எழுப்ப வேண்டும் என்று கட்சியின் இடதுசாரித் தலைவரான ரோசா லக்சம்பர்க் ஒரு கட்டுரை எழுதி, காவுத்ஸ்கி ஆசிரியராக இருந்த ‘நொய ஜைட்’ இதழுக்கு அனுப்பினார். அவர் வெளியிட மறுத்துவிட்டார். இப்போது வேண்டியது எதிரியைக் களைப்படைய வைக்கும் உத்தி, நேரடி மோதல் பிறகு என்று வாதாடினார், அடுத்த ரைஷ்டாக் தேர்தலில் கிடைக்கப்போகும் வெற்றியைக் காட்டினார். அந்தக் கட்டுரை பிறகு டோர்ட்முண்டில் ஒரு கட்சிப் பத்திரிகையில் வந்தது.

முந்தின வருடம்தான் தன் புத்தகத்தைத் தலைமை முடக்கியதற்காகப் போராடியவர் அவர். அடுத்த வருடமே, வழக்கு மிரட்டல் எதுவும் இல்லாமல், ரோசாவின் கட்டுரையைத் தன் கையால் ஒதுக்கிவைக்கிறார். இரவுவாசகன், நேரம் கிடைத்தால் இந்த 1910 விவாதத்தைத் தேடி எடுத்து, ‘அதிகாரத்துக்கான பாதை’யின் கடைசி அத்தியாயம் மனதில் ஆறுவதற்குள் படித்துவிடுங்கள்.