வால்வு கவர் கேஸ்கெட் மாற்றிய பிறகு ஆயில் ஒழுகல் கூடிவிட்டது

முதல்கழற்றல்: நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். வால்வு கவர் (எஞ்சினின் மேல்மூடி) ஓரம் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது, நானே அதன் ரப்பர் கேஸ்கெட்டை மாற்றினேன். எதற்கும் இருக்கட்டும் என்று ரப்பரின் இரண்டு பக்கமும் சிலிக்கான் பசை தடவி, கைக்கணக்கில் நன்றாக இறுக்கி, அரை மணி நேரத்தில் வண்டியை எடுத்துவிட்டேன். முன்பு எப்போதாவது ஒரு சொட்டு. இப்போது காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுகிறது, சூடானால் கருகல் வாடை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கவா?

ஸ்பேனர்சாமி: இறுக்கவே இறுக்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த போல்ட்டுக்கு 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். அதற்கு மேல் போனால் ரப்பர் பிதுங்கிப் பள்ளத்தை விட்டு வெளியே வரும், பிளாஸ்டிக் கவர் என்றால் வளையும், விரிசலும் விடும். சிலிக்கான் தடவியது அடுத்த தப்பு. ஈரமாக இருக்கும்போது ரப்பர் வழுக்கி நகர அதுவே போதும். சிலிண்டர் ஹெட்டும் (வால்வு கவர் உட்காரும் பகுதி) டைமிங் கவரும் (டைமிங் செயினை மூடும் பக்க மூடி) சேரும் மூலைகளிலும், அரைவட்ட வளைவு முடியும் இடங்களிலும் ஒரு பொட்டு வைத்தால் போதும். அதுவும் முழுதாகக் காய 24 மணி நேரம் ஆகும். கழற்றி மறுபடி போடுங்கள்.

சீல்மாஸ்டர்: கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டினால் அது கிராங்க் பின்சீல், கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம். கியர்பாக்ஸை இறக்காமல் ஆகாது.

ஸ்பேனர்சாமி: ஆயில் கீழேதானே ஓடும் அண்ணே! ஹெட்டின் பின்மூலையில் கசிந்தாலும் அங்கேதான் வந்து சொட்டும். நேற்றுவரை ஒழுகாத சீல், மேலே கவரைக் கழற்றிய அன்றா போகும்?

காற்றுவழி: போகலாம். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயு பிசிவி வால்வு (அந்த வாயுவை எஞ்சினின் காற்றுக் குழாய்க்கே திருப்பிவிடும் வால்வு) வழியாக வெளியேற வேண்டும். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். பழைய கேஸ்கெட் கசிந்ததே அதனாலோ என்னவோ. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் ஒரு தாளை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் சரி. தூக்கித் தள்ளினால் கேஸ்கெட் பத்து மாற்றினாலும் இதே கதைதான்.

ஸ்பேனர்சாமி: அரை மணியில் ஸ்டார்ட் செய்தவருக்கு பிசிவி பாடம் எதற்கு? செய்த தப்பு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

காற்றுவழி: இரண்டு நிமிட வேலை, செலவில்லை. பார்த்துவிட்டுக் கழற்றினால் என்ன குறைந்துவிடும்?

நிதானம்77: மூன்று பேரும் பார்க்காமலே தீர்ப்பு சொல்கிறீர்கள். எஞ்சின் நன்றாக ஆறட்டும். எண்ணெய்ப் பிசுக்கை முழுதாகக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். கவரின் ஓரம் முழுக்க, பின்பக்கமும் சேர்த்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, பத்துப் பதினைந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் ஊற்று. அப்புறம், கருகல் வாடை என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (புகை வெளியேறும் சூடான குழாயில்) ஆயில் விழுகிறது. தீப்பிடிக்கும் சங்கதி. சரியாகும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

முதல்கழற்றல்: செய்தேன். தாளை உள்ளேதான் இழுத்தது. பவுடரில் ஒரே ஒரு கோடு, பின்மூலையில் தொடங்கிக் கீழே வரை. கண்ணாடி பிடித்துத்தான் பார்க்க முடிந்தது. கவரைக் கழற்றினால் அந்த மூலையில் கேஸ்கெட் பள்ளத்துக்கு வெளியே நசுங்கி, பாதி அறுந்து கிடக்கிறது. உள்பக்கம் சிலிக்கான் புழு புழுவாகத் தொங்குகிறது.

ஸ்பேனர்சாமி: அந்தப் புழு ஒன்றையும் விடாமல் பொறுக்கிவிடுங்கள். உள்ளே விழுந்தால் ஆயில் பம்பின் வடிகட்டியில் போய் அடைக்கும், ஒழுகலைவிட அது பெரிய வினை. இரண்டு பரப்பையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள். அறுந்ததை ஒட்டிப் போடாதீர்கள், வேறு கேஸ்கெட் வாங்குங்கள். நடு போல்ட்டில் தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். டார்க் ரெஞ்சை (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இரவல் வாங்கியாவது.

காற்றுவழி: பிசிவி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கவர் கையில் இருக்கும்போதே அந்த வால்வை எடுத்துக் குலுக்கிப் பாருங்கள், கடகடவென்று சத்தம் வர வேண்டும்.

சீல்மாஸ்டர்: பின்சீல் நல்லது என்று இன்னும் யாரும் காட்டவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து சொல்லுங்கள்.

முதல்கழற்றல்: வால்வு கடகடத்தது. புதுக் கேஸ்கெட் போட்டு, மூலைகளில் மட்டும் பொட்டு வைத்து, 10 நியூட்டன் மீட்டரில் இறுக்கியாயிற்று. 24 மணி நேரம் நாளை மாலை முடிகிறது. சாவியை அதுவரை வீட்டில் கொடுத்துவிட்டேன்.