கலைச்சொல் வேண்டும்: அன்கன்ஃபார்மிட்டி, வெள்ளிக்கிழமைக்குள்

க. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கான நிலவியல் அறிமுக நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். கனிமங்கள், பாறைகள் இரண்டு பகுதிகளும் முடிந்துவிட்டன. துறையின் வரலாற்றைச் சொல்லும் அத்தியாயத்தில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.

சொல்: அன்கன்ஃபார்மிட்டி. இடம்: ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள சிக்கர் முனை. 1788இல் ஸ்காட்லாந்து நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன், அவர் நண்பர்கள் ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் மூவரும் படகில் போய் அந்தப் பாறையைப் பார்த்தார்கள். கீழே கிரேவாக் என்ற சாம்பல் நிற மணற்கல் அடுக்குகள் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலையைச் சீவிவிட்டு அதன்மேல் செம்மணற்கல் லேசான சரிவில் படுத்திருக்கிறது. அதாவது, கீழுள்ளது கடலடியில் படிந்து, இறுகி, மடிந்து நிமிர்ந்து, நிலமாக உயர்ந்து, அரிபட்டுத் தேய்ந்த பிறகுதான் மேலுள்ளது படியவே தொடங்கியிருக்கிறது. இன்றைய கணக்கில் கீழது சுமார் 43.5 கோடி ஆண்டு, மேலது சுமார் 37 கோடி. நடுவே ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு அங்கே கல் சாட்சி இல்லை. காலத்தின் பாதாளத்தை எட்டிப் பார்த்துத் தலை சுற்றியது என்று பிளேஃபேர் பிற்பாடு எழுதினார்.

அந்த இரண்டும் தொட்டுக்கொள்ளும் தளத்துக்குத்தான் பெயர் வேண்டும். இப்போதைக்கு 'இசைவின்மை' என்று போட்டிருக்கிறேன். அடுத்த அத்தியாயத்தில் இதன் நான்கு வகைகளும் வருகின்றன. முன்னால் அடைமொழி சேர்த்தாலும் நாக்கு புரளாத சொல்லாக இருந்தால் நல்லது.

இரா. எழுதியது:

அன்புள்ள க., 'இசைவின்மை' அருமையான சொல். ஜெர்மானியர் இதை டிஸ்கோர்டன்ஸ் என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்களும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். சுருதி சேராததையும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதன் லத்தீன் வேர் இதயத்தைக் குறிப்பது, ஆகவே அடிப்படையில் அது மனவேறுபாடு. நமக்கோ 'இசை' என்ற ஒரே சொல்லில் பாட்டும் உண்டு, பொருந்துதலும் உண்டு.

இருந்தாலும் இதைவிடப் பொருத்தமான ஒன்று நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. கீழ்ப்பாறையை நிலைமொழி என்று வையுங்கள், மேலே வந்து படிவது வருமொழி. இரண்டும் மாற்றமில்லாமல் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. நிலைமொழியின் ஈறு கெட்டு, அதன்பின் வருமொழி வந்து சேர்ந்தால் விகாரப் புணர்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றுமே இங்கே உண்டு: படிதல் தோன்றல், மடிதல் திரிதல், அரிபடுதல் கெடுதல். 'விகாரப் புணர்ச்சித் தளம்' என்று சொல்லிப் பாருங்கள். நன்னூலார் பாறையைப் பார்த்துவிட்டுத்தான் நூற்பா எழுதினாரோ என்று தோன்றும்.

மீ. எழுதியது:

ஐயா, உவமை அழகு, மறுக்கவில்லை. ஆனால் நான் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் போய் 'விகாரப் புணர்ச்சி' என்று கரும்பலகையில் எழுத வேண்டியவள். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

'இசைவின்மை' பற்றியும் ஒரு தயக்கம் இருக்கிறது. சிக்கர் முனையில் கோணம் கண்ணில் அறைகிறது, அதனால் அங்கே அது பொருந்தும். நான்கு வகையில் அது ஒன்றுதான். இன்னொன்றில் மேலும் கீழும் அடுக்குகள் அச்சாக இணையாக இருக்கும், நடுவே அரிபட்ட தளம் மட்டும் மேடு பள்ளமாகத் தெரியும். மூன்றாவதில் அந்த மேடு பள்ளமும் இருக்காது. கீழே ஒரு காலத்துப் புதைபடிவம், ஒரு சாண் மேலே கோடிக்கணக்கான ஆண்டு பிந்திய புதைபடிவம். பார்வைக்குப் பரம இசைவு! நான்காவதில் கீழே இருப்பது தீப்பாறை அல்லது உருமாறிய பாறை. அதில் படிவு அடுக்கே கிடையாது, அப்புறம் எதோடு எது இசையவில்லை என்பது?

இந்த நான்காவதைப் பார்க்க ஸ்காட்லாந்து போக வேண்டாம். அரியலூர், பெரம்பலூர் பக்கம், டைனோசர்கள் வாழ்ந்த கிரீத்தேசியக் காலத்துக் கடற்படிவின் மேற்கு விளிம்பில், காரை, ஊட்டத்தூர் வட்டாரத்தில் நடந்தால் போதும். கடற்சிப்பிகளும், அம்மோனைட்டு என்ற சுருள் ஓட்டுப் புதைபடிவங்களும் கிடைக்கிற படிவுகள் பல இடங்களில் நைஸ் என்ற மிகப் பழைய உருமாறிய பாறைமேல் நேராக உட்கார்ந்திருக்கின்றன. அங்கே விடுபட்ட காலம் சிக்கர் முனையைவிடப் பல மடங்கு பெரியது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் சில இடங்களில் அது 120 கோடி ஆண்டு அளவுக்குப் போகிறது.

ஆக நான்குக்கும் பொது கோணமோ சண்டையோ இல்லை. படிவது நின்றது, இருந்ததும் கொஞ்சம் போனது, பிறகு மறுபடி படிந்தது. சொல் அதைச் சொல்ல வேண்டும்.

வ. எழுதியது:

குவார்ட்ஸை குவார்ட்ஸ் என்கிறோம், கிரானைட்டை கிரானைட் என்கிறோம். இதை மட்டும் ஏன் அன்கன்ஃபார்மிட்டி என்று விட்டுவிடக் கூடாது? பையன் நாளைக்கு மேற்படிப்புக்கும் வேலைக்கும் போகும்போது ஆங்கிலச் சொல்தான் கேட்பார்கள். சார்னோகைட்டை யாராவது மொழிபெயர்த்தார்களா?

இரா. எழுதியது:

தம்பி வ., சார்னோகைட்டை இழுத்துவிட்டீர்கள், இனி நான் சும்மா இருக்க முடியாது. அந்தக் கல் நம் பரங்கிமலைக் கல், பல்லாவரத்துக் கல். மாமல்லபுரத்தில் பல்லவர் குடைந்ததும் அதே இனம்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கும்பினி அதிகாரியின் கல்லறைக்குச் சென்னையிலிருந்து போன கல்லைப் பார்த்துவிட்டு, 1893இல் தாமஸ் ஹாலந்து அந்த மனிதர் பெயரையே பாறைக்கு வைத்தார். கல் நம்முடையது, பெயர் கல்லறைக்காரருடையது. 'பல்லாவரக்கல்' என்று நாம் எழுதினால் யார் தடுப்பது?

போகட்டும். 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி எழுது என்று தொல்காப்பியர் வழி காட்டியிருக்கிறார். க. அவர்கள் 'ஹட்டன்' என்று எழுதுவதையும் 'அட்டன்' என்று மாற்றலாம்.

தி. எழுதியது:

அட்டன் எங்கட மலையகத்திலே ஒரு ஊர், ஐயா. தேயிலைக்குப் பேர்போன இடம். அத்தியாயத்தை இலங்கைப் பிள்ளைகள் படித்தால், ஜேம்ஸ் என்ற ஆள் நுவரெலியாப் பக்கம் பிறந்தவர் என்று நினைத்துவிடுவார்கள்.

பகிடி இருக்கட்டும். எங்களிடம் இந்தத் துறைக்கே புவிச்சரிதவியல் என்றுதான் பெயர், அரச பணியகத்தின் பெயர்ப் பலகையிலும் அப்படியே. சரிதம் என்ற சொல் உள்ளே இருப்பதால் நீங்கள் தேடுகிற காலம் துறையின் பெயரிலேயே வந்துவிடுகிறது. உங்கள் பக்கம் புவியியல் என்றால் பள்ளிப் புத்தகத்தில் ஒன்று, சுரங்கத் துறைப் பலகையில் வேறொன்று. படிவுப் பாறையை நாங்கள் அடையற்பாறை என்போம். அதை ஒட்டி 'அடையல் இடைவெளி' என்று வைத்தால் என்ன? அடைந்து அடைந்து வந்தது, நடுவில் நின்றது.

மீ. எழுதியது:

தி. அண்ணா, 'அடையல்' எனக்கு மிகவும் பிடித்த சொல், பாத்திரத்தின் அடியில் அடைவதை எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். இடைவெளிதான் இடிக்கிறது. 'வெளி' என்றதும் பிள்ளைகள் இரண்டு பாறைக்கும் நடுவே பொந்து இருக்கிறதா என்று கேட்பார்கள். பாறைகள் ஒட்டித்தான் இருக்கின்றன, இல்லாதது காலம் மட்டும். அந்த விடுபட்ட காலத்துக்குத் தனியாக ஒரு சொல் உண்டு, ஹையேட்டஸ். 'கால இடைவெளி'யை அதற்கு விட்டுவைத்திருக்கிறேன். தளம் வேறு, காலம் வேறு.

க. எழுதியது:

தனிமடலில் ஒருவர் 'அடுக்கு முறிவு' என்று அனுப்பியிருந்தார். வேண்டாம். கனிமப் பகுதியில் 'முறிவு' ஏற்கெனவே செலவாகிவிட்டது. அபிரகம் ஏடு ஏடாகப் பிரிவதும் கால்சைட் மூன்று திசைகளில் உடைவதும் 'பிளவு'. குவார்ட்ஸ் அப்படித் தளம் பார்த்துப் பிரியாமல் சிப்பியின் உட்புறம்போல வளைந்து உடைவது 'முறிவு'. 'முரண்படுகை' என்றும் ஒரு யோசனை வந்தது. காவிரிப் படுகை என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறேன், குழம்பும்.

வ. அவர்களுக்கு: சிக்கர் முனையைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க அன்கன்ஃபார்மிட்டி என்றே எழுதிப் பார்த்தேன். வேற்றுமை உருபு ஏறும்போது வாய் வலிக்கிறது.

ந. எழுதியது:

நான் மெய்ப்பு பார்ப்பவன், நிலவியல் தெரியாது. மீ. அம்மா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். படிவது நடுவில் அற்றுப்போகிறது, அதுதானே விஷயம்? 'இடையறாத உழைப்பு', 'இடையறாத மழை' என்று தினமும் திருத்திக்கொண்டிருக்கிறேன். இடையறாமல் படிந்தது ஒன்று என்றால், மற்றது 'இடையறவு' ஆகாதா?

மீ. எழுதியது:

இது எப்படி எங்களுக்குத் தோன்றாமல் போனது!

வகைகளைப் போட்டுப் பார்த்தேன். கோண இடையறவு, சிக்கர் முனைக்கு. அடுக்குகள் இணையாக இருந்தால் இணை இடையறவு. அரிபட்ட தடமும் தெரியாமல் புதைபடிவத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டியது மறை இடையறவு. காரையில் நைஸ்மேல் படிந்தது அடிப்பாறை இடையறவு. எதிர்ச்சொல்லும் இலவசமாக வருகிறது: இடையறாத அடுக்குகள். ஹட்டனின் வாதத்துக்கும் இது நன்றாக ஒத்துப்போகிறது. அவர் பெர்விக்‌ஷயரில் சொந்தப் பண்ணையில் பயிர் செய்தவர். நிலம் கரைந்து கடலுக்குப் போகிறது, அங்கே படிந்து கல்லாகிறது, பூமியின் உள்வெப்பம் அதை உயர்த்துகிறது, மறுபடி கரைகிறது. கோணம் அவருக்கு வெறும் சாட்சிதான். அந்தச் சுழற்சி ஒரு முறைக்கு மேல் நடந்தது என்பதே அவர் காட்ட வந்த விஷயம். ஜெர்மன் நிலவியலாளர் வெர்னரின் வழிவந்தவர்கள் எல்லாப் பாறையும் ஒரே ஆதிக் கடல் வடிய வடியப் படிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

வ. எழுதியது:

இடையறவு என்றால் எங்கள் தெருவில் மின்சாரம் போனதுபோல் இருக்கிறது. சரி, அன்கன்ஃபார்மிட்டிக்கு ஆதரவு இல்லை என்று தெரிகிறது. முதல் தடவை வரும்போது அந்த ஒலிபெயர்ப்பையும் பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். அது போதும்.

இரா. எழுதியது:

ந. அவர்களுக்குப் பாராட்டு. 'அறவு' பற்றிச் சில சொற்கள். உறு, உறவு. அறு, அறவு. அமைப்பில் குற்றமில்லை. மேலும் 'அறுதல்' என்பது வெறும் அறுந்துபோதல் ஆகாது. 'அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல்' என்ற ஔவையின் வரியை எல்லோரும் பள்ளியில் படித்தோம். அங்கே அற்றது நீர். கடல் பின்வாங்கிப் படிவு நின்றதைச் சொல்ல இதைவிட வேறு வேர் கிடைக்காது. இதிலிருந்து ஆறு என்ற சொல்லுக்கு, அறுத்துச் செல்வது என்ற வழியில், போகலாம். நிலத்தை அறுப்பதும் ஆறு, அறுத்ததைக் கொண்டுபோய்ப் படிய வைப்பதும் ஆறு. இதைத் தனிக் கட்டுரையாகவே எழுத எண்ணம்.

ஆனாலும் என் கட்சி இசைவின்மைதான். இடையறவு காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. பாறையில் கைவைத்து 'இதோ' என்று காட்டும் தளத்தை அது சொல்லவில்லை. தளம் வேறு, காலம் வேறு என்று மீ. அம்மாதான் முந்தாநாள் எழுதினார்.

மீ. எழுதியது:

அது நியாயமான கேள்வி ஐயா. இடையறவுத் தளம் என்று எழுதினால் தீராதா?

தி. எழுதியது:

தீரும். ஆனால் 'தளம்' சேர்த்தால்தான் தீரும் என்றால் 'அடையல் இடைவெளித் தளம்' என்றும் எழுதலாம்தானே. நான் எங்கட மாணவர்களுக்கு எழுதும் குறிப்பில் அடையலை விடப்போவதில்லை. 'அடையல் இடையறவு' என்று வேண்டுமானால் பாதி வழி வருகிறேன்.

க. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவு ஆகிவிட்டது. பெரும்பாலானோர் இடையறவுக்குத் தலையசைத்திருக்கிறீர்கள், சிலர் களைத்துப்போய் அசைத்ததாகவே தெரிகிறது. நூலில் 'இடையறவு' போகிறது. பாறையில் காட்டும் இடங்களில் 'இடையறவுத் தளம்'. முதல் தடவை வரும்போது அன்கன்ஃபார்மிட்டி என்ற ஒலிபெயர்ப்பும், இலங்கை வாசகர்களுக்காக 'அடையல் இடையறவு' என்ற மாற்றும் அடிக்குறிப்பில் இருக்கும். ஹட்டன் ஹட்டனாகவே இருப்பார். பல்லாவரக்கல்லைச் சார்னோகைட் பத்தியில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன்.

இரா. எழுதியது:

மகிழ்ச்சி. என் மாற்றுக் கருத்து மடற்குழுப் பதிவில் இருக்கட்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: நூலின் பின்னால் பயிற்சி வினாக்களுக்கு விடைக்குறிப்பு போடுவீர்களே, அதில் எந்த மாணவராவது 'இசைவின்மை' என்று எழுதினாலும் முழு மதிப்பெண் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.