புதுப்பிப்பு: ரத்த தானத் தளத்தில் தனிச்செய்தி ஓட ஆரம்பித்துவிட்டது

வேலூர், காட்பாடி பக்கம் ரத்தம் கொடுப்பவர்களுக்காக நான் நடத்தும் தளத்தில், போன் நம்பரைக் காட்டாமல் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது சோதனையில் ஓடுகிறது.

தகவல்களைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஒரே ஒரு புது டேபிள்தான்: அனுப்பியவர், பெறுபவர், செய்தி, அனுப்பிய நேரம், படித்த நேரம். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் புதுச் செய்தி. நீக்குவதில்தான் தடுமாறினேன். ஒருவர் அழித்தால் மற்றவரிடமும் காணாமல் போனது. இப்போது யார் அழித்தார் என்பதற்கு இருவருக்கும் தனித்தனி அடையாளம். இருவரும் அழித்த பிறகே அந்தச் செய்தி டேபிளிலிருந்து போகும்.

பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தவர் குடியாத்தத்துத் தம்பி ஒருவர். பிரவுசரின் இணைய முகவரியில் செய்தி எண்ணை மாற்றினால் பிறருடைய செய்தி திறந்தது! நோயாளி விவரம் இருக்கும் இடம், பதறிவிட்டேன். உள்ளே நுழைந்தவர் அந்தச் செய்தியை அனுப்பியவரோ பெறுபவரோ என்று, தரவுத்தளத்திலிருந்து செய்தியை எடுக்கும் கட்டளையான குவெரியிலேயே சரிபார்க்கும்படி அன்று இரவே மாற்றினேன்.

அப்புறம், எழுத்துகளைச் சேமிக்க மைஎஸ்க்யூஎல்லில் உள்ள பழைய யுடிஎஃப்8 அமைப்பு ஒரு எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் அதில் அடங்கும், எமோஜி அடங்காது. 4 பைட் வரை தாங்கும் யுடிஎஃப்8எம்பி4 ஆக்கியதும் சரி.

தொல்லை கொடுப்பவரைத் தடுக்கும் வசதி பாக்கி. பெண்கள் நிறையப் பேர் பதிந்திருக்கிறார்கள். அதை முடிக்காமல் எல்லோருக்கும் திறக்க மாட்டேன்.