உதவி: விளையாட்டுக் கணினிக்கு இந்தப் பாகங்கள் போதுமா? நாளை வாங்க வேண்டும்

மஞ்சக்குப்பத்தான்: அனைவருக்கும் வணக்கம். விளையாடுவதற்காக ஒரு கணினியை அசெம்பிள் செய்யவிருக்கிறேன். ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துள்ளேன். மற்றவற்றைப் பழைய கணினியிலிருந்தே எடுத்துக்கொள்வேன். நாளை காலை கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் வாங்க எண்ணியிருப்பதால், குறை இருந்தால் இன்றிரவே சொல்லுங்கள்.

நெல்லித்தோப்பு: நண்பரே, "மற்றவை" என்றால் எவை? ரேம் எந்த வகை, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி) எத்தனை வாட், மானிட்டரின் ரெசல்யூஷன் என்ன என்று சொன்னால்தான் பதில் எழுத முடியும்.

கெடிலக்கரை: உங்கள் வீடு கடலிலிருந்து எவ்வளவு தொலைவு? தேவனாம்பட்டினம் பக்கம் என்றால், பாகங்களைவிடக் கேபினட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உப்புக் காற்று பட்டுப் பட்டு ஸ்லாட்டுகளின் தொடுமுனைகள் அரிக்கின்றன. காற்று உள்ளே நுழையும் பக்கமெல்லாம் கழற்றிக் கழுவக்கூடிய வலை உள்ள கேபினட்டாக வாங்குங்கள். மழைக்காலத்தில் நாள்கணக்கில் அணைத்தே வைக்காதீர்கள்.

வன்பொருள் வாத்தியார்: அடிப்படையைப் படிக்காமல் கடைக்குப் புறப்படுகிறவர்களுக்கு இதைப் பலமுறை எழுதியாகிவிட்டது. 7600 பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 வகை ரேம் மட்டுமே வேலை செய்யும். டிடிஆர்4 ரேமிலும் 288 பின்கள்தான் என்றாலும், நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் அது ஸ்லாட்டுக்குள் இறங்கவே இறங்காது.

முத்தியால்பேட்டை: ஐயா, சொன்ன செய்தி சரி, சொன்ன விதம் வேண்டாமே, கேட்பவர் புதியவர். தம்பி, உங்களுடையது டிடிஆர்4 என்றால் ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு என்று மாற்றிக்கொண்டு, மிச்சமாகும் பணத்தை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள்.

வன்பொருள் வாத்தியார்: 5600 பொருந்துவது 2016இல் வந்த ஏஎம்4 சாக்கெட்டில்; அதில் இன்று பணம் போடச் சொல்வது தவறான அறிவுரை. ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலாவது ஆதரிப்பதாக ரைசன் நிறுவனமான ஏஎம்டி அறிவித்துள்ளது. பிறகு பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முத்தியால்பேட்டை: நம் ஊரில் பிராசசரை மட்டும் மாற்றுகிறவர்கள் எத்தனை பேர்? பலரும் ஐந்தாறு ஆண்டுகள் ஓட்டிவிட்டு முழுக் கணினியையும் மாற்றுகிறார்கள். வராத தேவைக்காக இன்றே செலவு செய்யச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

மஞ்சக்குப்பத்தான்: ரேம் டிடிஆர்4, 8 ஜிபி ஒன்றுதான். மானிட்டர் 1080பி. எஸ்எம்பிஎஸ் கேபினட்டோடு வந்தது, 450 வாட் என்று எழுதியிருக்கிறது.

நெல்லித்தோப்பு: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மேலே நடந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது. ஒற்றை 8 ஜிபி ரேம் இன்றைய விளையாட்டுகளுக்குப் போதாது, இரண்டு ரேம்கள் சேர்ந்து தரும் இரட்டைச் சேனல் வேகமும் கிடைக்காது. அதைக் காப்பாற்றுவதற்காக ஏஎம்4 பக்கம் போக வேண்டியதில்லை. 7600ஐயே வைத்துக்கொண்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு கொண்ட தொகுப்பாக வாங்குங்கள். 1080பி திரைக்கு 4060 போதும். அந்தக் கார்டு 115 வாட்தான் எடுக்கும் என்றாலும் அதன் நிறுவனமான என்விடியா 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைப் பரிந்துரைக்கிறது. கேபினட்டோடு வந்ததன் மேல் எழுதிய எண்ணை நம்பிப் புதிய கார்டை அதில் மாட்டாதீர்கள். 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று பெற்ற எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். பணம் போதவில்லையென்றால் கேபினட்டில் குறையுங்கள், இதில் குறைக்க வேண்டாம்.

கெடிலக்கரை: கேபினட்டில் குறைத்தாலும் வலை இருக்கட்டும்.

மஞ்சக்குப்பத்தான்: ரேமும் எஸ்எம்பிஎஸ்ஸும் புதிதாக வாங்கிவிட்டேன். ஆனால் மின்விசிறி சுற்றுகிறது, திரையில் எதுவும் வரவில்லை!

வன்பொருள் வாத்தியார்: அணைக்காமல் காத்திருங்கள். டிடிஆர்5 ரேமை முதன்முறை பழக்கிக்கொள்ள ஏஎம்5 மதர்போர்டுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மஞ்சக்குப்பத்தான்: வந்துவிட்டது. அனைவருக்கும் நன்றி.

நெல்லித்தோப்பு: மகிழ்ச்சி. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்கினீர்களா? இயக்காவிட்டால், ரேம் பெட்டியில் எழுதியுள்ள வேகத்தில் ஓடாது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.