படி ஏறினா நெஞ்சு இறுக்கம், இசிஜி நார்மல். அப்புறம் எதுக்குங்க டிரெட்மில் டெஸ்ட்?

பெருந்துறைக்காரர்:
வீட்டுப் பெரியவருக்கு 61 வயசுங்க, சர்க்கரை இருக்குது. சென்னிமலைப் படி பாதி ஏறினதும் நடு நெஞ்சுல கல்லை வெச்சு அமுத்தற மாதிரி இறுக்கம், தாடை வரைக்கும் இழுக்குது. அஞ்சு நிமிசம் உட்கார்ந்தா போயிருது. மூணு மாசமா இப்படியே. வாய்வுன்னு இஞ்சிச் சாறு குடிக்கறாரு. இசிஜி நார்மல். டாக்டர் டிரெட்மில் டெஸ்ட், அதாவது ஓடற பட்டை மேல நடக்க வெச்சு இசிஜி பார்க்கணுங்கறாரு, அவசியந்தானுங்களா?

பவானிக்கரை:
அவசியமுங்க. வாய்வு படியைப் பார்த்து வராது, உட்கார்ந்ததும் போகாது. இது ஆஞ்சைனா, அதாவது இதயத் தசைக்கு ரத்தம் பத்தாம வர்ற நெஞ்சு வலி மாதிரிதான் இருக்குது.

இதயம் நிமிசத்துக்கு 70 தடவை துடிச்சு, 5 லிட்டர் வாக்குல ரத்தத்தைத் தள்ளுது. ஆனா அறைக்குள்ள நிறைஞ்சு நிக்கற ரத்தம் அதோட தசைக்குப் போதாது. இதயத்துல இருந்து மகாதமனிங்கற பெரிய ரத்தக் குழாய் கிளம்பற இடத்துலயே வலது, இடதுன்னு ரெண்டு கரோனரி குழாய் பிரிஞ்சு, தசைக்கு மேலாப்புல ஓடி உள்ள இறங்குது. இடது கீழறை சுருங்கறப்ப தசையே அந்தக் குழாய்களை நெரிச்சுரும். தளர்ற நேரத்துலதான் பெரும்பாலும் ரத்தம் பாயும், கீழ்பவானி வாய்க்கால்ல முறை வெச்சுத் தண்ணி விடற மாதிரி. துடிப்பு 70 இருக்கறப்ப அந்த முறை அரை நொடி. 140 ஆனா கால் நொடிகூடத் தேறாது. தேவை கூடற நேரத்துல பாயற நேரம் குறையுது, பாருங்க.

நல்ல குழாயா இருந்தா விரிஞ்சு நாலு மடங்கு விட்டுச் சமாளிக்கும். 70 சதம் அடைச்சிருந்தா, அடைப்புக்குக் கீழ இருக்கற சின்னக் குழாய்கள் சும்மா உட்கார்ந்திருக்கறப்பவே விரிஞ்சுதான் இருக்கும். படி ஏறறப்ப கூட விட ஒண்ணுமில்லை. சும்மா இருக்கறப்ப அந்த ரத்தமே போதும், அதனாலதான் படுக்க வெச்சு எடுத்த இசிஜில இது தெரியாமப் போகுது; நடக்க வெச்சுப் பார்க்கறது அதுக்குத்தானுங்க.

கோபி வாசகர்:
சதவீதத்தை மட்டும் நம்பாதீங்க. குழாயை 40 சதம் மட்டும் அடைச்சிருக்கற கொழுப்புப் படிவுகூட மேல்தோல் கிழிஞ்சா, ரத்தம் அங்க உறைஞ்சு முழுசா அடைச்சுக்கும். அதுதான் மாரடைப்பு. 20 நிமிசம் தாண்டினா தசை சாக ஆரம்பிக்கும். வலி போகாம நின்னா, வேர்த்துக் கொட்டினா உடனே 108. பைக்ல நடுவுல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க. சர்க்கரைக்காரங்களுக்கு வலியே இல்லாம மூச்சுத்திணறல் மட்டும் வரலாம்.

மாரடைப்பு மாதிரி வலியோட போனா, ஆரம்ப சுகாதார நிலையத்துல 'இதயம் காப்போம்' திட்டத்துல 2023-ல இருந்து 14 மாத்திரை குடுக்கறாங்க: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோக்ரெல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8. அதை அவங்க பார்த்துத்தான் தரணும்.

பெருந்துறைக்காரர்:
சார்பிட்ரேட் 5 மி.கி. எழுதியிருக்காங்க. முழுங்கறதுங்களா?

பவானிக்கரை:
இல்லைங்க, அது ரத்தக் குழாயை விரிக்கற மாத்திரை, வலி வர்றப்ப நாக்குக்கு அடியில வெக்கணும். உட்கார வெச்சுத்தான் குடுக்கணும். நின்னுட்டே போட்டா பிரஷர் இறங்கி விழுந்திருவாரு. 5 நிமிசத்துல குறையலைன்னா 108. சில்டெனாஃபில் (வயாகரா, ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை) போட்டு 24 மணி நேரம் ஆகாம இதைத் தொடவே கூடாது, வெக்கப்படாம கேட்டுருங்க. டெஸ்ட் முடியற வரைக்கும் மலை ஏற வேண்டாம். சும்மா இருக்கறப்ப ஒரு தடவை வலி வந்தாலும் டிரெட்மில்லுக்குக் காத்திருக்காதீங்க, அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.