வெந்த பிறகும் சிவப்பு மாறாத இறைச்சி: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கானாடுகாத்தான் மருமகள்

சென்ற மாதம் நடந்தது; இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. விடுமுறைக்கு வந்த மகன் சாசேஜ் கேட்டான் என்று காரைக்குடியில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து வேகவைத்தேன். என் கணவரின் அப்பத்தாவுக்கு எண்பத்தாறு வயது. கறி வெந்ததா இல்லையா என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அன்று ஒரு துண்டைப் பிளந்து பார்த்து, உள்ளே பச்சையாக இருக்கிறது, இன்னும் வேகட்டும் என்றார்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொன்றைப் பிளந்தார்கள். மறுபடியும் பத்து நிமிடம். மூன்றாவது முறையும் அதே ரோஜா நிறம். “தீயில போட்டும் நிறம் மாறாத கறியைப் பிள்ளைக்கு எப்படித்தா கொடுக்கிறது?” என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்கள்.

பொட்டலத்தின் பின்புறம், உணவில் சேர்த்த பொருளைக் குறிக்கும் எண்ணாக ஐ.என்.எஸ். 250 என்று அச்சிட்டிருந்தது. அது சோடியம் நைட்ரைட் என்பதையும், இறைச்சிக்குச் செந்நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைக்கச் செய்துவிடுவதால் எவ்வளவு வேகவைத்தாலும் அது பழுப்பாகாது என்பதையும் அன்றிரவு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்பத்தாவின் கண் பிசகவில்லை. எழுபது ஆண்டுகளாக அந்தக் கண் நம்பியிருந்த அடையாளம் அந்த இறைச்சியில் இல்லை, அவ்வளவுதான். உங்கள் வீடுகளில் இப்படி ஏதேனும் நடந்திருக்கிறதா?

தேவகோட்டை ஆசிரியர்

நடந்திருக்கிறது, ஆச்சி, என்னுடையது இறைச்சி அன்று, பஞ்சு மிட்டாய். 2024 தைப்பூசத்துக்குக் குன்றக்குடிக்குச் சென்றிருந்தோம். மலையேறி இறங்கிய களைப்பில் பேத்தி கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். வீடு திரும்பிக் கை கழுவிவிட்டபோது அவளுடைய உள்ளங்கையில் இருந்த சிவப்பு போகவில்லை. சோப்புப் போட்டேன், தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தேன். மறுநாள் பள்ளிக்கும் அந்தக் கையோடுதான் போனாள். கையில் இவ்வளவு ஒட்டியது வயிற்றில் எவ்வளவு ஒட்டியிருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தார்கள். காரணம் ரோடமின்-பி, துணிக்கு ஏற்றும் சாயம். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான்; அந்த நிறத்தைப் பார்த்தவுடன் சந்தேகப்படாமல் போனேனே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

பள்ளத்தூரார்

கடையில் விற்பதை எல்லாம் வீட்டுக்குள் விட்டால் இப்படித்தான் ஆகும். எங்கள் ஆயா போட்ட உப்புக்கண்டத்தில் ஆட்டுக்கறி, கல் உப்பு, மஞ்சள், மிளகாய் தவிர வேறு எதுவும் கிடையாது. ஊசியால் நூலில் கோத்து மொட்டைமாடிக் கொடியில் காயவைத்து, சாடியில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும். இறைச்சியைக் கெடாமல் வைக்க நைட்ரைட் எதற்கு? அதை அடியோடு தடை செய்வதே முறை.

காரைக்குடி, முன்பு ஈப்போ

பள்ளத்தூர் அண்ணன் சொல்வதில் பாதியை மட்டுமே ஏற்க முடியும். ஈப்போவில் ஓர் உணவு விடுதிச் சமையலறையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். சேர்ந்த முதல் வாரத்தில், வேலையாட்களுக்குச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது அலமாரியில் இளஞ்சிவப்பாக ஓர் உப்பு டப்பா இருந்தது. இந்துப்பு என்று எண்ணி ஒரு கரண்டி அள்ளினேன். தலைமைச் சமையல்காரர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கரண்டி தரையில் விழுந்தது. அது இறைச்சியைப் பதப்படுத்தும் உப்பு. நூற்றுக்கு ஆறேகால் பங்கு சோடியம் நைட்ரைட். சாப்பாட்டு உப்போடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதற்கு நிறமே ஏற்றியிருக்கிறார்கள். அந்த நிறத்தைத்தான் நான் இந்துப்பு என்று நினைத்தேன். அளவுக்கு மிஞ்சி உள்ளே போனால் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உதடு நீலம் பாரிக்கும். அன்று அந்தச் சுண்டலைச் சாப்பிடக் காத்திருந்தவர்கள் பதினான்கு பேர். அவர்கள் முகங்கள் இன்றும் என் நினைவில் வரிசையாக வரும்.

இருந்தும் அடியோடு தடை என்பதை நான் ஏற்கவில்லை. காற்றுப் புகாமல் அடைத்த ஈர இறைச்சியில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிர் வளர்ந்தால் அது உண்டாக்கும் நஞ்சு ஆளைக் கொல்லும். நைட்ரைட் அதைத் தடுக்கிறது. உப்புக்கண்டத்துக்கு அது தேவைப்படாததற்குக் காரணம், நம் வெயில் அதன் ஈரத்தை முழுவதுமாக வாங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தபோது, உப்பிட்டுப் பதப்படுத்தியதையும் அதே வரையறைக்குள்தான் வைத்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடும் என்பது அவர்கள் கணக்கு. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு கேடு என்று பொருளில்லை. சான்று உறுதியாக இருக்கிறது என்பதே பொருள். ஆயாவின் சாடியை அந்த வரையறைக்கு வெளியே நிறுத்த நமக்கு உரிமையில்லை, அண்ணே.

கல்யாணச் சமையல், கோட்டையூர்

நான் இருபத்தைந்து ஆண்டுகளாக விசேஷங்களுக்குச் சமைக்கிறேன். இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாட்களாக யோசித்தேன். வற்றல் மிளகாயை ஊறவைத்து அம்மியில் அரைத்துப் புரட்டினால் கோழி கருஞ்சிவப்பாக வரும். அதுதான் அதன் நிறம். ஒரு மணிவிழாவில் மாப்பிள்ளை முறையுள்ள ஒருவர் பந்தியில் எல்லோர் முன்பும் இலையைத் தள்ளி, “கோழி வெளுத்துக் கிடக்கிறது, மசாலாவை மிச்சம் பிடித்துவிட்டார்கள்” என்றார். அடுத்த விசேஷத்துக்கு நான் கலர்ப் பொடி வாங்கினேன். அன்று எல்லோரும் பாராட்டினார்கள். பந்தி முடிந்து இலை எடுக்கும்போது, எலும்பு கிடந்த இடத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் ஓடி வெள்ளைச் சோற்றில் பரவியிருந்தது. வரிசையாக எல்லா இலையிலும் அப்படியே. நான் பெருமையோடு சமைத்த பந்தி, புண் பட்டதுபோல் கிடந்தது. அதன் பிறகு வாங்கவில்லை. 2024 ஜூனில் கர்நாடகத்தில் கபாப் வகைகளுக்குச் செயற்கை நிறம் சேர்க்கத் தடை விதித்த செய்தியை என் உதவியாளர்களைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டினேன். ஆனால் கேட்பவர்கள் இன்னும் கேட்கிறார்கள். சமைப்பவரை மட்டும் குறை சொல்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதுவயல் ஆச்சி

எனக்குப் பெரிய அனுபவம் இல்லை. மகள் வீட்டு மஞ்சள்தூளில் சந்தேகம் வந்து பார்த்தபோது தண்ணீர் முழுவதும் மஞ்சளாகிவிட்டது, அதைக் கொட்டிவிட்டோம். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் முறையைச் சொல்கிறேன். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, அசைக்காமல் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைத் தூவுங்கள். நல்ல தூள் அடியில் படிந்து, தண்ணீர் வெளிர்மஞ்சளாக நிற்கும். நிறம் கலந்திருந்தால் தண்ணீர் அடர்மஞ்சளாகும். மிளகாய்த்தூளைத் தூவினால், சாயம் இருக்கும்பட்சத்தில் கோடு கோடாக இறங்குவதைப் பார்க்கலாம். பொட்டலம் வாங்கினால் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்க எண்களைப் பாருங்கள்: 102 டார்ட்ரசின், 110 சன்செட் யெல்லோ, 124 பொன்சோ; இவை மஞ்சள், சிவப்பு நிறங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 ஜூலை முதல், இந்த மூன்று உட்பட ஆறு நிறங்களைச் சேர்த்த உணவில், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கக்கூடும் என்று அச்சிட வேண்டும். 211 சோடியம் பென்சோயேட், கெடாமல் வைப்பது. 621 சுவையூட்டும் உப்பு. ஜப்பானில் 1908-ல் கடற்பாசியிலிருந்து பிரித்த பொருள்தான் அது. அதைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை, ஆனால் பழைய சரக்கின் குறையை மறைக்க அதைப் போடுகிறார்களா என்று பாருங்கள். சாசேஜ் வாங்கியே தீர வேண்டும் என்றால் கருக வறுக்காதீர்கள். நைட்ரைட் கடுஞ்சூட்டில் இறைச்சியின் புரதப் பொருள்களோடு சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமினாக மாறுகிறது, கேடு அதில்தான் அதிகம். மிளகாய்த்தூள் அரைத்ததாக வாங்காமல் வற்றல் வாங்கி மில்லில் நின்று அரைத்து வாருங்கள்.

தேவகோட்டை ஆசிரியர்

ஆச்சி சொன்ன தண்ணீர்ச் சோதனையில் ஒரு திருத்தம் உண்டு. தண்ணீரில் கரையும் சாயத்தை மட்டுமே அது காட்டும். 2005-ல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறக் காரணமாக இருந்த சூடான்-1 என்ற சிவப்புச் சாயம் எண்ணெயில் கரைவது. அது மிளகாய்த்தூள் வழியாகத்தான் அங்கே புகுந்தது. தம்ளரில் கோடு இறங்கவில்லை என்பதால் தூள் சுத்தம் என்று முடிவு செய்துவிட வேண்டாம். மில்லில் நின்று அரைப்பது நல்ல யோசனை. அதை நானும் செய்கிறேன்.

கானாடுகாத்தான் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. ஈப்போ அண்ணன் எழுதியதை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். உப்புக்கண்டமும் அந்தக் கணக்கில் சேரும் என்றதும் கோபிப்பார்கள் என்று பயந்தேன், கோபிக்கவில்லை. “50 கிராம்னா எத்தனை துண்டு?” என்று மட்டும் கேட்டார்கள். சாடியைத் திறந்து சமையலறைத் தராசில் வைத்தேன். ஒன்பது துண்டு வந்தது. அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அதில் நான்கை மட்டும் எடுத்து உரலில் தட்டி நல்லெண்ணெயில் பொரித்தார்கள். ரசம் சோற்றுக்கு எங்கள் எல்லோருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. மீதி ஐந்தையும் சாடியில் போட்டுத் துணி கட்டி, மகன் கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்துவிட்டார்கள்.