தனுஷ்கோடி கைகாட்டி விளக்கு: விவரம் தெரிந்தவர்கள் உதவவும்

1964 டிசம்பர் 22 இரவு, புயலலையில் சிக்கி அழிந்த பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயிலைப் பின்னணியாகக் கொண்டு நான் எழுதிவரும் மாயப் புனைவில், ஆளில்லாத கரையில் நள்ளிரவில் தானாகப் பச்சை காட்டும் ரயில்வே கைகாட்டியின் (கம்பத்தின் மேல் கை போன்ற பலகை கொண்ட பழைய சிக்னல்) மர்மத்தைத் துப்பறியச் சென்ற நண்பர்கள் நால்வரும் கம்பத்தடியிலேயே நிற்கிறார்கள், கதையும் நகரவில்லை.

பழைய நாளிதழ்களில் சேத விவரங்களே இருக்கின்றன. படங்களிலோ இடிந்த தேவாலயமும் நிலையச் சுவர்களும்தான். கை சாயும்போது சிவப்புக் கண்ணாடி விலகி, பச்சைக் கண்ணாடி மண்ணெண்ணெய் விளக்கின் முன் வந்து நிற்கும் என்று ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் விளக்கினார். ஆனால் அவர் பணியாற்றியது வேறு பகுதியில். பேயே கையை இறக்கினாலும், விளக்குக்கு எண்ணெய் ஊற்ற ஓர் ஆள் வேண்டுமல்லவா?

புயலுக்கு முன், தனுஷ்கோடியின் வெளிக் கைகாட்டி (நிலையத்துக்கு வெளியே, வரும் ரயில் முதலில் காணும் சிக்னல்) விளக்கை அன்றாடம் ஏற்றும் பொறுப்பு எந்தப் பணியாளருடையது?